இமயத்தை வரைந்த தவம்

ஹவுராவில் கங்கை அகன்று, கலங்கி, மெல்ல நடக்கிறது. ஹூக்ளி என்ற பெயரில் அது அந்நகரைக் கடக்கும் இடத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை ஒரு குன்றுகூடக் கிடையாது. எங்கும் சமவெளி, படித்துறைகள், ஆலைகள், ரயில் பாதைகள். ஆயினும் படித்துறையில் நீராடுபவர் கையில் அள்ளும் நீரில் ஒரு பகுதி, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் கோமுகத்தின் பனியாக இருந்தது. 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓடி அது இங்கே வந்திருக்கிறது. மலைக்குச் செல்ல முடியாதவரிடம் மலையே ஆறாகி வந்து சேர்கிறது.

தமிழர்க்கும் இந்த உறவு புதியதன்று. கண்ணகிக்குக் கோயில் எடுக்க விரும்பிய சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்து, அதைக் கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. சேர நாட்டின் மலைகளில் கல்லுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் இமயத்தின் கல்லே வேண்டும் என்று அவன் கருதியதில் ஓர் உண்மை இருக்கிறது. உயர்ந்த ஒன்றைப் போற்ற வேண்டுமானால் உயர்ந்த இடத்தை நோக்கி மனிதன் நடந்தாக வேண்டும்.

ஹவுராவிலிருந்து வடக்கே மலையை நோக்கிச் சென்றவர்கள் பலர். அவர்கள் மலையை அணுகிய விதங்களும் பல. ஹவுராவின் சிப்பூரில் 1787-இல் தோற்றுவிக்கப்பட்ட தாவரவியல் பூங்காவைக் கண்டபின், 1848-இல் டார்ஜிலிங் சென்றார் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர். அவர் மலையின் செடிகொடிகளைச் சேகரித்தார். கஞ்சன்ஜங்கா சிகரத்தைக் கோட்டோவியமாகவும் வரைந்தார். ஆற்றின் மறுகரையில், கல்கத்தாவில் இருந்தபடியே ராதாநாத் சிக்தார் என்ற வங்கக் கணித அறிஞர், நில அளவைத் துறையின் குறிப்புகளைக் கொண்டு எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். ஒருவர் மலையைத் தொகுத்தார். மற்றவர் மலையை அளந்தார். இருவரின் உழைப்பும் போற்றத்தக்கது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது மலையின்முன் அமைதியாக அமர்ந்து, அது தன்னை வெளிப்படுத்தும் வரை காத்திருக்கும் வழி. அவ்வழியில் சென்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ரஷ்யாவில் பிறந்து, இந்தியாவைத் தம் இல்லமாக்கிக்கொண்ட ஓவியர் நிக்கோலஸ் ரோரிக். அவருடைய வாழ்வையும் கலையையும் சற்று ஆழ்ந்து பார்ப்பது, ‘பார்த்தல்’ என்ற எளிய செயல் எவ்வாறு ஒரு சாதனையாக உயர முடியும் என்பதை நமக்கு உணர்த்தும்.

ஆசிரியர் தந்த செல்வம்

ரோரிக் 1874-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். மகன் சட்டம் படிக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் உள்ளமோ ஓவியத்தை நாடியது. தந்தையின் சொல்லையும் மீறவில்லை, தம் உள்ளத்தின் குரலையும் அடக்கவில்லை. 1893-இல் பல்கலைக்கழகத்தில் சட்டத்தையும், கலைக் கழகத்தில் ஓவியத்தையும் ஒருங்கே படிக்கத் தொடங்கினார். இருமடங்கு உழைப்பை அவர் சுமையாகக் கருதவில்லை.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஆர்கிப் குயின்ஜி. இளமையிலேயே பெற்றோரை இழந்து, வறுமையில் வளர்ந்து, தம் முயற்சியாலேயே உயர்ந்த நிலக்காட்சி ஓவியர் அவர். 1880-இல் அவர் நீப்பர் ஆற்றின் நிலவொளி இரவைத் தீட்டினார். அந்த ஒரே ஓவியத்தை மட்டும் இருட்டறையில் விளக்கொளியில் காட்சிக்கு வைத்தார். அதைக் காண மக்கள் வரிசையில் காத்து நின்றனர். ஓவியத்தில் நிலவு உண்மையாகவே ஒளிர்வதாகத் தோன்றியதால், துணிக்குப் பின்னால் விளக்கு ஏதேனும் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறதோ என்று சிலர் ஐயுற்றனர்!

அதைவிட வியப்பானது அதன்பின் நிகழ்ந்தது. புகழின் உச்சியில் இருந்த குயின்ஜி, சில ஆண்டுகளிலேயே தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைப்பதை நிறுத்திவிட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் எதையும் பொதுமக்களுக்குக் காட்டவில்லை. ஆனால் வரைவதை நிறுத்தவில்லை. பிறர் பாராட்டுக்காக அன்றி, பணிக்காகவே பணி செய்தல் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். தாம் ஈட்டிய செல்வத்தை ஏழை மாணவர்களுக்கு வழங்கினார்.

1897-இல் மாணவர் போராட்டம் ஒன்றில் மாணவர்களின் பக்கம் நின்றதற்காகக் குயின்ஜி பதவியை இழந்தார். அவருடைய மாணவர்கள் அவரோடு கலைக் கழகத்தை விட்டு வெளியேறினர். அவர்களுள் ரோரிக்கும் ஒருவர். ஒளியை எவ்வாறு தீட்டுவது என்பதை மட்டும் அவர் ஆசிரியரிடம் கற்கவில்லை. கலைஞன் எவ்வாறு வாழ வேண்டும் என்பதையும் கற்றார். தொழில்நுணுக்கத்தை எந்தப் பள்ளியும் தரலாம். வாழ்வின் நெறியை வாழ்ந்து காட்டுபவரே தர முடியும்.

வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி

தொடக்கத்தில் ரோரிக் வரைந்தவை பண்டைய ரஷ்யாவின் காட்சிகள்: மரக் கோட்டைகள், படகுகள், கற்பாறைகள் நிறைந்த வடதிசைக் கரைகள். 1903, 1904-ஆம் ஆண்டுகளில் தம் துணைவியார் ஹெலனாவுடன் பழைய நகரங்கள் பலவற்றுக்குச் சென்று, அங்குள்ள பழங்கோயில்களையும் கோட்டைகளையும் வரைந்தார். அவற்றுள் பல, பின்னாளில் போராலும் புரட்சியாலும் அழிந்தன. அழகானவை அழியக்கூடியவை என்ற உணர்வு அப்போதே அவருள் ஆழப் பதிந்தது. போர்க்காலத்திலும் கலைச் செல்வங்களைக் காக்க வேண்டும் என்று அவர் நெடுங்காலம் வாதாடினார். அதன் பயனாக 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் வாஷிங்டனில் அமெரிக்கக் கண்டத்தின் 21 நாடுகள் ‘ரோரிக் உடன்படிக்கை’யில் கையெழுத்திட்டன.

ஆசியாவின் ஞான நூல்கள் அவரையும் ஹெலனாவையும் இளமையிலேயே ஈர்த்தன. ஸ்ரீராமகிருஷ்ணர், சுவாமி விவேகானந்தர் ஆகியோரின் உபதேசங்கள் ரஷ்ய மொழியில் வெளிவந்தபோது அவற்றை அவர்கள் ஆர்வத்துடன் படித்தனர். 1920-இல் லண்டனில் ரவீந்திரநாத் தாகூரைச் சந்தித்தார் ரோரிக். பின்னர் அமெரிக்காவில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1923-ஆம் ஆண்டு டிசம்பரில் குடும்பத்துடன் இந்தியா வந்தார். அப்போது அவருக்கு வயது 49. பெயரும் புகழும் பெற்றவர்கள் ஓய்வை எண்ணத் தொடங்கும் வயதில், அவர் தம் வாழ்வின் மிகக் கடினமான பயணத்துக்கு ஆயத்தமானார்.

கஞ்சன்ஜங்காவின் முன்

டார்ஜிலிங்கில் அவர்கள் தங்கிய இடத்திலிருந்து கஞ்சன்ஜங்கா தெரியும். 8,586 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தை அப்பகுதி மக்கள் தெய்வமாக வணங்குகின்றனர். அது எந்நேரமும் காட்சி தருவதில்லை. நாள்கணக்கில் மேகத்துக்குள் மறைந்திருந்துவிட்டு, ஒரு விடியற்காலையில் திரை விலகியது போல் சில நிமிடங்கள் மட்டும் தோன்றும். அந்தச் சில நிமிடங்களுக்காக விழித்திருப்பவரே அதைக் காண்பர்.

மலையை வரைவதில் உள்ள இடர்ப்பாடு எது? பாறையும் பனியும் எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றன. ஆனால் மலையின் பெருமை, பாறையிலோ பனியிலோ தனித்து இல்லை. அது தொலைவிலும் ஒளியிலும் அமைதியிலும் இருக்கிறது. இவை மூன்றும் கையால் தொட முடியாதவை. தொட முடியாததைத் துணியில் கொண்டுவருவது எவ்வாறு?

ரோரிக் இதற்குக் கண்ட வழிகள் எளியவை. முதலாவதாக, எண்ணெய் வண்ணத்தை அவர் பெரிதும் விட்டுவிட்டு, ‘டெம்பரா’ என்னும் வண்ண முறையை மேற்கொண்டார். எண்ணெய் வண்ணம் பளபளக்கும், நாளடைவில் மஞ்சளிக்கும். டெம்பரா மினுமினுப்பின்றி, சுண்ணச் சுவரில் தீட்டியது போல் அடங்கிய ஒளி தரும். அதில் வெளிச்சம் மேற்பரப்பில் பட்டுத் தெறிப்பதில்லை. வண்ணத்துக்குள்ளிருந்தே வருவது போல் தோன்றும்.

இரண்டாவதாக, அவர் மலைகளை அடுக்கடுக்கான பரப்புகளாக அமைத்தார். அண்மையிலுள்ள பாறை கருநீலம் அல்லது ஊதா, அதற்கப்பால் நீலம், அதற்கும் அப்பால் வெளிர்நீலம், எல்லாவற்றுக்கும் மேலே பொன்னிறமோ இளஞ்சிவப்போ பூசிய பனிமுடி. இதற்கு இயற்கையே ஆதாரம். காற்றிலுள்ள மூலக்கூறுகள் மற்ற நிறங்களைவிட நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. அதனால், நமக்கும் மலைக்கும் இடையே காற்று மிகுதியாக இருக்க இருக்க, மலை நீலமாகத் தெரிகிறது. கதிரவன் எழும்போதும் விழும்போதும் அதன் ஒளி வளிமண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருவதால், நீலம் வழியிலேயே சிதறிவிட, செம்மையும் பொன்மையும் எஞ்சுகின்றன. அவையே பனிமுடியைச் சுடராக்குகின்றன. சமவெளியின் தூசியும் ஈரமும் இல்லாத உயர்ந்த இடங்களில் தொலைவிலுள்ள சிகரத்தின் விளிம்பும் கத்தியால் வெட்டியது போல் கூர்மையாகத் தெரியும். ஆகவே ரோரிக்கின் தொலைமலைகள் மங்குவதில்லை. நிறம் மட்டுமே மாறுகின்றன.

இத்தகைய நிறங்கள் இயற்கையில் உண்டா என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். சமவெளியில் வாழ்பவருக்கு அந்த ஐயம் எழுவது இயல்பே. 1961-இல் முதன்முதலாக விண்வெளியில் பூமியைச் சுற்றிவந்த யூரி ககாரின், தாம் கண்ட தொடுவானத்தின் நிறங்களை விவரிக்கும்போது ரோரிக்கின் ஓவியங்களையே ஒப்பாகக் கூறினார். உயரச் சென்றவருக்குத் தெரிவது, கீழே இருப்பவருக்கு மிகைப்படுத்தலாகத் தோன்றுகிறது. ஓவியத்துக்கு மட்டுமன்றி, அருளாளர்களின் அனுபவத்துக்கும் இது பொருந்தும்.

முத்தைத் தேடும் இருவர்

1924-இல் இமயச் சூழலில் அவர் தீட்டிய வரிசை ஒன்றில், ‘தேடலின் முத்து’ என்ற ஓவியம் இருக்கிறது. பாறை விளிம்பில் குருவும் சீடரும் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் கையில் ஒரு முத்துமாலை. எண்ணற்ற முத்துகளுள் உண்மையான ஒரு முத்தை அவர்கள் தேடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னே மேகங்கள் மிதக்கின்றன. மேகங்களுக்கு மேலே பனிமலைகள் எழுகின்றன.

இந்த ஓவியத்தில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அத்தனை பெரிய இமயம் எதிரே இருக்க, அவ்விருவரும் அதைப் பார்க்கவில்லை. கையளவு மாலையைக் குனிந்து பார்க்கின்றனர். இமயத்தை அவர்கள் புறக்கணிக்கிறார்களா? இல்லை. இமயம் அவர்களுக்கு இடத்தைத் தந்திருக்கிறது, அமைதியைத் தந்திருக்கிறது. அவற்றைப் பெற்றபின், செய்ய வேண்டிய பணி கையிலேயே இருக்கிறது. முத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்வது போல, எண்ணங்களை ஒவ்வொன்றாக ஆராயும் பணி அது. மலைக்குச் சென்றும் இந்தப் பணியைச் செய்யாதவர், மலையின் குளிரை மட்டுமே அனுபவித்துத் திரும்புவார்.

மேலைநாட்டு ஓவியத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் 1818-ஆம் ஆண்டையொட்டித் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில், ஒரு மனிதர் பாறை உச்சியில் நிமிர்ந்து நிற்கிறார்; மூடுபனிக் கடலும் சிகரங்களும் அவர் காலடியில் விரிகின்றன. படத்தின் நடுவே இருப்பவர் மனிதர். ரோரிக்கின் ஓவியங்கள் பலவற்றில் மனிதர் ஒரு மூலையில், சிறு உருவாக இருக்கிறார். சிலவற்றில் தேடிப்பிடித்தால்தான் தெரிகிறார். ஆனால் அவர் அற்பமாகத் தோன்றுவதில்லை. தம் அளவை அறிந்து அமர்ந்திருப்பவருக்கு உரிய கண்ணியம் அவரிடம் இருக்கிறது. தன்னைச் சிறியவன் என்று உணர்வது தாழ்வு மனப்பான்மை அன்று. பெரியது ஒன்று இருக்கிறது என்ற அறிவின் தொடக்கம்.

வழி மறிக்கப்பட்டது

1925-இல் ரோரிக் குடும்பத்தினரின் மத்திய ஆசியப் பயணம் தொடங்கியது. காஷ்மீர், லடாக், காரகோரம் கணவாய், கோட்டான், காஷ்கர், அல்தாய், மங்கோலியா எனப் பயணம் நீண்டது. குதிரையிலும் எருமைமாட்டை ஒத்த ‘யாக்’ விலங்குகளிலும் ஒட்டகங்களிலும் பொதிகளை ஏற்றி, உயர்ந்த கணவாய்களைக் கடந்து சென்றனர். மூத்த மகன் ஜார்ஜ் திபெத்திய மொழியில் வல்லவர். பின்னாளில் அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த திபெத்திய பௌத்த வரலாற்று நூலான ‘நீல ஏடுகள்’ கல்கத்தா ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்தது.

1927-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர்கள் லாசா நோக்கித் திபெத்திய பீடபூமியில் சென்றுகொண்டிருந்தனர். சாங்தாங் என்னும் உயர்ந்த பாழ்வெளியில் திபெத்திய அதிகாரிகள் அவர்களைத் தடுத்து நிறுத்தினர். ரஷ்யாவிலிருந்து வந்த குழு என்பதால் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கும் அவர்கள்மீது ஐயம் இருந்தது. முன்னே செல்லவும் அனுமதி இல்லை. பின்னே திரும்பவும் அனுமதி இல்லை. கோடைக்கால கூடாரங்களில், 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், கடுங்குளிரில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அவர்கள் காத்துக் கிடந்தனர். உணவும் மருந்தும் குறைந்தன. குழுவைச் சேர்ந்த ஐவர் உயிரிழந்தனர். மேய்ச்சல் இன்றிப் பொதி விலங்குகளில் பெரும்பாலானவை கூடாரங்களைச் சுற்றிலும் மடிந்து விழுந்தன. 1928-ஆம் ஆண்டு மார்ச்சில்தான் வழி திறந்தது. அதுவும் லாசாவுக்கு அன்று, சுற்றுவழியாகச் சிக்கிமுக்கு.

ரோரிக் லாசாவைக் காணவே இல்லை. ஆண்டுக்கணக்கான முயற்சி, வாசலருகே வந்து முடிந்தது. அதற்குக் கொடுத்த விலையோ மனித உயிர்கள். இந்த இழப்பை எளிதாகக் கடந்துபோக முடியாது. இலட்சியப் பயணம் என்ற பெயர் அதன் துயரைக் குறைத்துவிடாது. அவருடைய கொள்கைகளையும் பயண நோக்கங்களையும் ஐயுற்றோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஆனால் அத்துயரத்தின்பின் அவர் என்ன ஆனார் என்பதே நமக்குப் பாடம்.

இதே இமய நோக்கில் புறப்பட்டு வழியில் தடைப்பட்ட மற்றொருவரைத் தமிழகம் நன்கறியும். திருநாவுக்கரசர் முதிர்ந்த வயதில் கயிலையைக் காண வேண்டும் என்று வடதிசை சென்றார். கால்கள் தேய்ந்தன, கைகளை ஊன்றித் தவழ்ந்தார், மார்பால் நகர்ந்தார், இறுதியில் உடலைப் புரட்டிப் புரட்டி முன்னேறினார். முனிவர் வடிவில் தோன்றிய இறைவன், மானிட உடலுடன் கயிலையை அடைய இயலாது, திரும்பிச் செல்க என்றார். காணாமல் திரும்புவதில்லை என்றார் நாவுக்கரசர். அங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு பணிக்கப்பட்டு மூழ்கியவர், திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது.

அருளாளரின் அனுபவத்தையும் ஓவியரின் வாழ்வையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எனினும் அதிலுள்ள கருத்து எல்லோர்க்கும் வழிகாட்டும். நடப்பவன் தன் முழு ஆற்றலையும் செலவிட்ட பிறகு, தேடிய இடம் அவன் நிற்கும் இடத்துக்கே வரக்கூடும். முழு ஆற்றலையும் செலவிடாதவனுக்கு, சென்று சேர்ந்த இடமும் வெறும் இடமாகவே இருக்கும்.

நக்கரில் தொடர்ந்த பணி

1928-இன் இறுதியில் ரோரிக் குடும்பத்தினர் குலு பள்ளத்தாக்கில் உள்ள நக்கர் என்ற சிற்றூரில் குடியேறினர். கீழே பியாஸ் ஆறு, எதிரே பனிமலைகள். இமயத்தின் தாவரங்கள், மருந்துகள், மொழிகள், தொன்மைச் சின்னங்கள் ஆகியவற்றை ஆராய ‘உருஸ்வதி’ என்ற ஆய்வு நிலையத்தை அங்கே நடத்தினர். ரோரிக்கின் இமய ஓவியங்களுள் பெரும்பகுதி இங்கே தங்கியிருந்த ஆண்டுகளில் பிறந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் தீட்டியவை ஏறத்தாழ 7,000 என்பர்.

இங்கும் சோதனைகள் அவரை விடவில்லை. நியூயார்க்கில் அவர் பெயரால் 1929-இல் 29 மாடிக் கட்டடத்தில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகளில் அதன் நிர்வாகிகளிடையே பிளவு ஏற்பட்டு, வழக்குகள் எழுந்தன. கட்டடமும், அங்கிருந்த நூற்றுக்கணக்கான ஓவியங்களும் அவர் கையை விட்டுப் போயின. அதன்பின் அவர் அமெரிக்கா செல்லவில்லை. தாயகம் திரும்ப விரும்பினார். அதற்கான அனுமதி அவர் உயிருடன் இருந்த வரையில் கிட்டவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது தம் ஓவியங்களை விற்று வந்த பணத்தைத் தாயகத்தின் துயர்துடைப்புப் பணிக்கு அனுப்பினார்.

லாசாவின் வாசல் மூடியது. நியூயார்க்கின் வாசல் மூடியது. பிறந்த நாட்டின் வாசலும் திறக்கவில்லை. இத்தனைக்கும் பின் அந்த ஆண்டுகளில் அவர் வரைந்த மலைகளைப் பாருங்கள். சினமோ கசப்போ அவற்றில் இல்லை. தம்மைத் தடுத்து நிறுத்திய திபெத்திய நிலத்தையும் அவர் அன்போடு தீட்டினார். இரவில் ஒரு மடாலயத்தின் விளக்கு, விண்மீனுக்குக் கீழே ஒரு கணவாய், விடியலில் ஒரு தனிச் சிகரம். மலை மழையை ஏற்கிறது, இடியை ஏற்கிறது, பனிச்சரிவை ஏற்கிறது. ஆற்றைத் தருவதை நிறுத்துவதில்லை. நெடுங்காலம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் மலையின் குணம் சற்றே படிந்திருந்தது. எதை இடைவிடாது நினைக்கிறோமோ அதுவாகவே ஆகிறோம் என்று நம் முன்னோர் கூறியது இதைத்தான்.

1947-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் நக்கரில் அவர் காலமானார். மலைகளை நோக்கிய சரிவில் அவருடைய உடல் தகனம் செய்யப்பட்டது. அவ்விடத்தில் மாளிகையோ மண்டபமோ எழுப்பப்படவில்லை. ஒரு பெரிய பாறை வைக்கப்பட்டது. இந்தியாவின் நண்பர் என்று அவரைக் குறிக்கும் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

ஓவியத்தைப் பார்ப்பதும் ஒரு பயிற்சியே

இந்திய அரசு கலைச் செல்வங்களாக அறிவித்து, நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்லத் தடைவிதித்துள்ள ஓவியர் வரிசையில் ஒன்பது பேர் இடம்பெற்றுள்ளனர். ரவிவர்மா, ரவீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் முதலியோருடன் ரோரிக்கும் அவர்களுள் ஒருவர். ஹவுராவின் பேலூரில் கங்கைக் கரையில் எழுந்த கோயிலின் கலை வடிவமைப்பில் பங்குகொண்டவரும் இதே நந்தலால் போஸே. வெளிநாட்டில் பிறந்த ஒருவரை இந்த ஒன்பது பேருள் சேர்த்தது நம் நாட்டின் பரந்த மனத்துக்குச் சான்று.

ரோரிக்கின் மூல ஓவியங்களைக் காண நக்கர் வரை சென்றாக வேண்டும் என்பதில்லை. பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரா கலைக்கூடம், காசியில் பாரத் கலா பவன் ஆகிய இடங்களில் அவை உள்ளன. இளைய மகன் ஸ்வெதோஸ்லாவும் சிறந்த ஓவியர். நடிகை தேவிகா ராணியை மணந்து பெங்களூரில் நெடுங்காலம் வாழ்ந்தவர்.

இத்தகைய ஓவியத்தின்முன் நிற்கும்போது நாம் பெரும்பாலும் செய்வது என்ன? பெயர்ப் பலகையைப் படிக்கிறோம், அரை நிமிடம் பார்க்கிறோம், அடுத்ததற்கு நகர்கிறோம். அவ்வாறின்றி, ஒரே ஓவியத்தின் முன் பத்து நிமிடம் அமைதியாக நின்று பார்க்கலாம். முதலில் ஒளி எத்திசையிலிருந்து வருகிறது என்று கவனிக்கலாம். பிறகு அண்மையிலிருந்து தொலைவு வரை நிறங்கள் எப்படி மாறுகின்றன என்று கண்ணால் நடந்து செல்லலாம். மனித உருவம் உண்டா, இருந்தால் அது எங்கே, எதை நோக்கி இருக்கிறது என்று தேடலாம். கடைசியில் கேள்விகள் அனைத்தையும் விட்டுவிட்டு வெறுமனே பார்க்கலாம். மூன்றாவது நிமிடத்தில் மனம் அலுத்துக்கொள்ளும். அந்த அலுப்பைக் கடந்தபின்தான் ஓவியம் பேசத் தொடங்கும். ஜபத்திலும் தியானத்திலும் அமர்பவர்களுக்கு இந்த அலுப்பும், அதற்கு அப்பாலுள்ள அமைதியும் நன்கு தெரிந்தவையே.

ஓவியம் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. பழநியைச் சூழ்ந்த மலைகளும், பொதிகையும், திருவண்ணாமலையும் நம்மிடம் உள்ளன. மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சி என்று வகுத்து, அதைத் திணைகளுள் முதலாக வைத்துப் போற்றிய மரபு நம்முடையது. மலையே இல்லாத ஊரில் வானம் இருக்கிறது. விடியற்காலையில் பத்து நிமிடம் அதன் நிறமாற்றத்தைப் பார்ப்பதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

இப்பார்வைக்கு இன்று வேறொரு அவசியமும் வந்திருக்கிறது. கங்கோத்திரி உள்ளிட்ட இமயப் பனியாறுகள் பல பின்வாங்கி வருகின்றன. அழகானவை அழியக்கூடியவை என்று ரோரிக் தம் இளமையில் பழங்கோயில்களிடம் உணர்ந்தது, அவர் வரைந்த பனிமலைகளுக்கும் பொருந்தும் காலம் இது. எதை உற்றுப் பார்த்திருக்கிறோமோ அதன்மீதுதான் அன்பு பிறக்கும்; அன்பு பிறந்த இடத்தில்தான் பொறுப்பும் பிறக்கும். கங்கையில் குப்பையைப் போடாத கை, கங்கையின் பிறப்பிடத்தை ஒருமுறையேனும் உள்ளத்தால் கண்ட கையாகத்தான் இருக்கும்.

வாழ்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு லாசா உண்டு. பல்லாண்டு பாடுபட்டும் வாசல் திறக்காத ஏதோ ஒன்று: கைகூடாத கல்வி, நிறைவேறாத பயணம், எதிர்பார்த்து ஏமாந்த உறவு. மூடிய வாசலின்முன் அமர்ந்து வாழ்நாள் முழுவதும் புலம்பவும் செய்யலாம். அல்லது, வந்த வழியெங்கும் கண்ட அழகை நினைவுகூர்ந்து, இருக்கும் இடத்தில் இருந்துகொண்டே நம் பணியைத் தொடரலாம். நக்கரின் ஓவியர் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. அவர் தீட்டிய சிகரங்களின்மீது விழும் விடியல் ஒளி, அவ்வழி நல்வழியே என்று இன்றும் உறுதி கூறுகிறது.